மூன்றாவது துளை

வீட்டில் எல்லோரும் அவளைப் பராக்கு என்றுதான் கூப்பிட்டார்கள். அடுப்பில் பால் பொங்கும்போது நுரை எந்தப் பக்கம் முதலில் சரிகிறது என்று பார்த்துக்கொண்டு நிற்கிறவளுக்கு வேறு என்ன பெயர் பொருந்தும்? வாளி நிரம்பி வழிந்தால் குழாயை மூடமாட்டாள். வழிந்த தண்ணீர் தரையில் எந்த வழியாகப் போகிறது என்று அதன் பின்னாலேயே போவாள். அம்மா தலையில் குட்டினால், "இரும்மா, இப்பத்தான் திரும்புது" என்பாள்.

அவளுடைய பத்தொன்பதாவது வயதில் அந்த வீட்டுக்கு இரண்டு கடிதங்கள் வந்தன. ஒன்று பல்கலைக்கழகத்திலிருந்து: இயற்பியல் பட்டப்படிப்பில் இடம் கிடைத்திருக்கிறது. இன்னொன்று தொழிற்பயிற்சி நிலையத்திலிருந்து: எலக்ட்ரீஷியன் பிரிவில், இரண்டு வருடப் பயிற்சிக்கு இடம் கிடைத்திருக்கிறது. இரண்டுக்கும் கடைசி நாள் ஒரே வெள்ளிக்கிழமை. இரண்டு இடத்திலும் மார்க் ஷீட்டின் அசலை நேரில் கொடுக்கவேண்டும். அசல் ஒன்றுதான் உண்டு. அது பீரோவில் அம்மாவின் நல்ல துணிகளுக்கு அடியில், பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தது.

"இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்றார் மாமா. அம்மாவுக்கு நேர் இளையவர், பொருளாதாரப் பட்டதாரி. கறுப்பு அங்கி போட்டு அவர் எடுத்துக்கொண்ட படம் கூடத்துச் சுவரில் மாட்டியிருந்தது. "டிகிரி இருந்தா போற இடத்துல நாலு பேர் 'உக்காருங்க'ன்னு சொல்லுவாங்க."

மாமாவுக்கு ஒரு செருப்புக் கடையில் வேலை. வருகிறவர்களை நாள் முழுக்க 'உக்காருங்க' என்று சொல்வதும், உட்கார்ந்தவர்களின் காலடியில் மண்டியிட்டு அளவு பார்ப்பதும்தான் அந்த வேலை.

"உன்னை யாருடா உக்காரச் சொல்றாங்க?" என்றாள் அம்மா.

"அக்கா, அது வேற விஷயம்."

"உனக்கு எப்பவும் எல்லாம் வேற விஷயம்தான்."

ஆனால் அம்மாவும் மாமாவின் பக்கமே நின்றாள். அதற்கு அவளுக்குச் சொந்தக் காரணம் இருந்தது. "பாலையே பொங்க விடறவ. இவ கரண்ட்ல கை வெச்சா எனக்கு மிஞ்சறது கரிக்கட்டைதான். பராக்கு பாக்கணும்னா காலேஜ் பெஞ்சுல உக்காந்து பாக்கட்டும். அங்க ஷாக் அடிக்காது."

"அங்கதான் கரண்ட்டோட அப்பன் பேரு, தாத்தா பேரு எல்லாம் சொல்லித் தருவாங்க" என்று மாமா சேர்த்துக்கொண்டார்.

அப்பா பஸ் டிரைவர். ஐம்பது பேரை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு வாழ்கிறவர், அதிகம் பேசமாட்டார். "எந்த பஸ்ல வேணும்னாலும் ஏறும்மா. ஓடும்போது குதிக்காதே, அவ்வளவுதான்" என்றார்.

அவளுக்கோ இரண்டும் வேண்டும். பள்ளிக்கூடத்து இயற்பியல் புத்தகத்தில் மின்சாரப் பாடம் இருந்த பக்கங்கள் தொட்டுத் தொட்டே மெலிந்துபோயிருந்தன. கம்பிக்குள் எதுவும் அவசரமாக ஓடுவதில்லை, அந்தச் சின்னத் துகள்கள் எறும்பைவிட மெதுவாகத்தான் நகர்கின்றன, ஆனாலும் சுவிட்சைத் தட்டினால் விளக்கு உடனே எரிகிறது என்று படித்த நாளில் அவள் சாப்பிட மறந்தாள். பயிற்சி நிலையத்துக்கு விண்ணப்பம் கொடுக்கப் போனபோது அங்கே ஒரு பெரிய பலகையைப் பார்த்தாள். ஒரு வீட்டின் சுவர்களுக்குள் இருக்கும் கம்பிகள் அத்தனையையும் அதில் வெளியே எடுத்து விரித்திருந்தார்கள். சிவப்பு, கறுப்பு, பச்சை. தோல் இல்லாத வீடு. அன்றிலிருந்து அவளுக்கு எந்தச் சுவரும் சுவராகத் தெரியவில்லை. சாப்பிடும்போதும் படுத்திருக்கும்போதும், சுண்ணாம்புக்குப் பின்னால் மூன்று நிறக் கோடுகள் மேலே ஏறிப்போய் விளக்கைத் தொடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

தலைக்கு ஒரு கட்டடம், கைக்கு ஒரு கட்டடம் என்று நகரத்தின் இரண்டு முனைகளில் கட்டிவைத்தவர்களை நிறுத்திக் கேட்கவேண்டும். ஒரே உடம்பைக் கழுத்தில் அறுத்துப் பங்கு போட உங்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தது? மேல் பாதிக்கு நாற்காலி, கீழ் பாதிக்கு நிற்க இடம். இது இயற்கையின் ஏற்பாடு இல்லை, மனிதன் செய்துவைத்தது. ஆனால் பத்தொன்பது வயதுப் பெண் வெள்ளிக்கிழமைக்குள் அதை இடித்துவிட முடியாது. ஏதாவது ஒரு வாசலில் அவள் நுழைந்தாகவேண்டும்.

இதற்கு நடுவில் அம்மாவின் விரல்கள் வேறொரு கதை சொல்லிக்கொண்டிருந்தன.

அவர்கள் இருந்தது மூன்றாவது மாடியில். அந்தக் கட்டடத்தில் வாடகைக்கு விட்ட வீடுகள் பன்னிரண்டு. எல்லாவற்றுக்கும் மேல் தளத்தில் வீட்டுக்காரர் இருந்தார். ஒவ்வொரு வீட்டின் பின்புறமும் வானம் தெரியும்படி ஒரு சின்னத் திறந்தவெளி. அதில் ஒரு குழாய், துணி காயப்போடக் கொடி, வாஷிங் மெஷின். ஆறு மாதமாக மெஷினைத் தொட்டால் அம்மாவுக்குச் சுர்ரென்றது. வலி என்று சொல்ல முடியாது. தோலுக்கு அடியில் மணல் ஓடுகிற மாதிரி இருக்கும் என்பாள். முதலில் புறங்கையால் தொட்டுப் பார்த்துவிட்டுப் பிறகுதான் மூடியைத் திறப்பாள். முரட்டு மாட்டைத் தடவிப் பார்க்கிற மாதிரி இருக்கும் அது.

வேலைக்குக் கிளம்பும்போது அப்பா தொட்டுப் பார்த்தார், ஒன்றும் இல்லை. மாமா தொட்டுப் பார்த்தார், ஒன்றும் இல்லை. வீட்டுக்காரர், "புது மெஷின்னா கொஞ்சம் அதிரும்மா" என்றார். டாக்டர் இரண்டே கேள்வி கேட்டார். வயசு என்ன, தூக்கம் வருதா? நரம்புத் தளர்ச்சி என்று எழுதி ரோஸ் நிற மாத்திரை கொடுத்தார். அம்மா தினமும் ஒன்று விழுங்கினாள். சுர்ரென்பது நிற்கவில்லை. ஒரு மனுஷியின் உடம்பு ஆறு மாதமாகச் சாட்சி சொல்கிறது. கேட்டவர்கள் எல்லோரும் சாட்சிக்குத்தான் மருந்து கொடுத்தார்கள்.

அம்மா விடாமல் நச்சரித்ததில், வெள்ளிக்கிழமைக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரர் தன் எலக்ட்ரீஷியனை அனுப்பினார். கட்டடம் கட்டிய நாளிலிருந்து அவருக்கு வேலை செய்கிறவர். உச்சி வெயில். பூட்ஸ் காலோடு பின்பக்கம் போனார். கரண்ட் இருந்தால் பிடிக்குள் விளக்கு எரியும் டெஸ்டரை மெஷினின் தகட்டில் வைத்தார், பார்த்தார், சட்டைப்பையில் செருகினார்.

"ஒண்ணும் இல்லம்மா. டெஸ்டர் எரியலையே. உங்களுக்குக் கை மரத்துப்போயிருக்கும்."

"அதான் டாக்டரும் சொன்னாரு" என்றார் மாமா. பிறகு எலக்ட்ரீஷியனின் காலைப் பார்த்து முகம் மலர்ந்தார். "நம்ம கடை சரக்கு! அருமையான ரப்பர் அண்ணே. இடியே விழுந்தாலும் உள்ள ஏறாது."

எலக்ட்ரீஷியன் போன பிறகு அம்மா மெஷின் முன்னால் வெகுநேரம் நின்றாள். தொட்டாள், கையை இழுத்துக்கொண்டாள். அன்று மாலை ஒன்றுக்குப் பதில் இரண்டு மாத்திரை விழுங்கினாள்.

அதைப் பராக்கு பார்த்தாள்.

செவ்வாய்க்கிழமை வெயில் வெள்ளையாகக் காய்ந்தது. அம்மா துணிகளைக் கொடியில் போட்டுவிட்டு உள்ளே போயிருந்தாள். பராக்கு மேசை டிராயரில் கிடந்த மஞ்சள் பிடி டெஸ்டரை எடுத்தாள். பயிற்சி நிலையத்துப் பலகைக்கு மேலே கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது நினைவுக்கு வந்தது: கரண்ட் இருக்கும் இடத்தில் வைத்து டெஸ்டரை முதலில் சோதி, பிறகு அதை நம்பு. கூடத்துப் பிளக்கில் வைத்தாள். பிடிக்குள் சிவப்பாக ஒரு பொட்டு எரிந்தது. நல்ல டெஸ்டர்தான். பின்பக்கம் வந்து மெஷினில் வைத்தாள். எரியவில்லை.

ஆனால் ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்றபடி மறு கையால் தகட்டைத் தொட்டு எடுத்தபோது, தோலுக்கு அடியில் அந்த மணல் ஓடியது.

எரியாத விளக்கு ஒரு பக்கம், ஓடும் மணல் ஒரு பக்கம். இரண்டில் ஒன்று பொய் சொல்கிறது. அவள் அப்படியே நின்றுவிட்டாள். வானத்தில் ஒரு மேகம் ஓரம் கிழிந்து இன்னொன்றாகிக்கொண்டிருந்தது. எதிர்க் கட்டடத்து ஜன்னல் ஒன்று வெயிலை இங்கே திருப்பி அனுப்பியது. கொடியில் காய்ந்துவிட்ட படுக்கை விரிப்பு உப்பியது, அடங்கியது, மறுபடி உப்பியது. அது மூச்சு விடுவதைப் பார்த்துக்கொண்டே, எதற்குக் கையை அங்கே வைத்தோம் என்பதையே அவள் மறந்துபோனாள். விரல் டெஸ்டரின் தலையில் இருந்தபடியே இருந்தது.

அப்போது காற்று ஒரு தள்ளு தள்ளியது. விரிப்பு கொடியிலிருந்து நழுவி அவள் தலையிலும் மெஷின்மேலும் கூடாரமாக விழுந்தது. உலகம் நீலமாகி அடங்கியது. சோப்பு வாசனை. தெருச் சத்தம் எங்கோ தூரத்தில். அந்த நீல இருட்டில், அவள் மூக்குக்கு ஒரு சாண் தள்ளி, சிவப்பாக ஒரு பொட்டு எரிந்துகொண்டிருந்தது.

அது இத்தனை நேரமும் எரிந்துகொண்டுதான் இருந்தது. வெயிலில் தெரியவில்லை, அவ்வளவுதான்.

அவள் அசையவில்லை. மாமா சொன்ன ரப்பர் நினைவுக்கு வந்தது. டெஸ்டருக்குள் இருக்கும் அந்தப் பொட்டு எரியவேண்டுமானால், பிடித்திருப்பவரின் உடம்பு வழியாகத் துளிக் கரண்ட் தரைக்குப் போகவேண்டும். காலில் கெட்டி ரப்பர் இருந்தால் அந்த வழி அடைபடும், பொட்டு மங்கிப்போகும். மங்கிய பொட்டை உச்சி வெயில் விழுங்கிவிடும். மெஷினைத் தொட்டுப் பார்த்தபோது அப்பா காலில் டிரைவர் பூட்ஸ். மாமா காலில் கடைச் செருப்பு. அந்த வீட்டில் ஈரத் தரையில் வெறுங்காலோடு நிற்பவள் ஒருத்திதான். அவளுக்குத்தான் நரம்புத் தளர்ச்சி.

"அம்மா, இங்க வாயேன்."

"என்னடி, விரிப்பைக் கீழ போட்டுட்டியா? இப்பத்தான்..."

"உள்ள வா."

அம்மா திட்டிக்கொண்டே குனிந்து விரிப்புக்குள் வந்தாள். பார்த்தாள். அந்தச் சின்ன வெளிச்சத்தில் அவள் முகத்தின் ஒரு பக்கம் மட்டும் சிவந்து தெரிந்தது. பிறகு, ஒளிந்து விளையாடும் பிள்ளையைக் கண்டுபிடித்தவள் மாதிரி, விளக்கைப் பார்த்துக் கேட்டாள்: "நீதானாடா?"

வியாழக்கிழமை காலை எலக்ட்ரீஷியனை மறுபடி வரவழைத்தார்கள். வீட்டுக்காரரும் கூடவே இறங்கி வந்தார்.

"நான்தான் அன்னைக்கே பாத்தேனேம்மா" என்றார் எலக்ட்ரீஷியன்.

"பூட்ஸைக் கழட்டிட்டு ஒரு தடவை வைங்கண்ணா. இந்த விரிப்புக்குள்ள வந்து வைங்க."

"இது என்ன கல்யாணப் பந்தலா?" என்று சிரித்துக்கொண்டே உள்ளே போனவர், ஒரு நிமிடம் கழித்துச் சிரிப்பு இல்லாமல் வெளியே வந்தார். மெயினை அணைத்துவிட்டுப் பிளக் போர்டின் நான்கு திருகாணிகளைக் கழற்றினார். பிளக்கில் மூன்று துளைகள். இரண்டு துளைகளுக்குப் பின்னால் கம்பி இருந்தது. மேலே இருந்த பெரிய துளைக்குப் பின்னால் ஒன்றும் இல்லை. கசிகிற கரண்டை மனித உடம்புக்குப் போகவிடாமல் மண்ணுக்குக் கொண்டுபோகவேண்டிய பச்சைக் கம்பி, எர்த் கம்பி, அந்தச் சுவருக்குள் போடப்படவே இல்லை.

"இப்ப சுர்ருன்னுதான் அடிக்கும்" என்றார் எலக்ட்ரீஷியன், யாருடைய முகத்தையும் பார்க்காமல். "உள்ள ஒரு கம்பி உரிஞ்சு தகட்டுல பட்டிருந்தா... ஆளே போயிருக்கும்."

அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டாள். பிறகு அது சுவர் என்று நினைவுக்கு வந்து கையை எடுத்துக்கொண்டாள்.

மீட்டர் அறையிலிருந்து மூன்றாம் மாடி வரை கம்பி இழுக்க மத்தியானம் ஆகிவிட்டது. சுவரில் பதித்த குழாயின் வாயில் பராக்கு உட்கார்ந்திருந்தாள். வெகுநேரம் எதுவும் வரவில்லை. பிறகு இருட்டுக்குள்ளிருந்து பச்சையாக ஒரு நுனி, மண்ணைப் பிளந்து வரும் முளை மாதிரி, தலையை நீட்டியது. அதைத் தொட அவளுக்குக் கை பரபரத்தது.

"மத்த வீடுங்களுக்கு எப்பண்ணா?"

எலக்ட்ரீஷியன் வீட்டுக்காரரைப் பார்த்தார். வீட்டுக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"எந்த வீட்டுக்கு?"

"மிச்சம் பதினோரு வீடு இருக்கே சார். உங்க தளத்துல எல்லா பிளக்குலயும் எர்த் இருக்குன்னு அண்ணன் சொன்னாரு. கீழ ஒண்ணுலயும் இல்லையாமே."

"மத்தவங்க யாரும் கம்ப்ளெயிண்ட் பண்ணலையே."

"பண்ணியிருப்பாங்க சார். நரம்பு மாத்திரை சாப்பிட்டுக்கிட்டு இருப்பாங்க."

வீட்டுக்காரரின் முகம் இறுகியது. "இதப் பாரும்மா. உங்க வீட்டுக்குப் போட்டாச்சு. மத்தது பாதுகாப்பா இல்லையான்னு சொல்ல நீ யாரு? லைசென்ஸ் இருக்கறவன் எழுதிக் கொடுக்கட்டும், பாக்கலாம். என்னப்பா, எழுதிக் கொடுக்கறியா?"

லைசென்ஸ் இருக்கிறவர் தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கெட்டவர் இல்லை. அவருடைய அடுத்த மாதச் சோறு மேல் தளத்தில் இருந்தது.

அன்று சாயங்காலம் முழுக்க அவள் பின்பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். வெயில் மஞ்சளாகிக் கொடியிலிருந்து இறங்கிப் போனது. கண்ணுக்கு எதிரே கட்டடம் பலகையாக விரிந்தது. பன்னிரண்டு வீடுகளிலும் சிவப்பும் கறுப்பும் ஏறின. பச்சை ஒரே ஒரு வீட்டுக்கு வந்துவிட்டு, மற்ற வீடுகளைத் தாண்டி மேல் தளத்துக்குப் போனது. அந்தப் பதினோரு வீடுகளிலும் ஈரத் தரையில் ஒவ்வொருத்தி வெறுங்காலோடு நின்றாள்.

புத்தகத்தை யாரும் தன்னிடமிருந்து பூட்டிவைக்கவில்லை என்று அவள் யோசித்தாள். நூலகம் தெருமுனையில் திறந்தே கிடக்கிறது. ஆனால் பதினோரு சுவர்களில் நான்கு நான்காக இருக்கும் திருகாணிகளைக் கழற்றவும், கழற்றியபின் பார்த்ததை எழுதிக் கீழே கையெழுத்துப் போடவும் ஒரு காகிதம் வேண்டும். அந்தக் காகிதத்தைக் கொடுப்பது எந்த வாசல் என்பதில் அவளுக்குச் சந்தேகம் இல்லை.

அம்மா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். கையில் பிளாஸ்டிக் உறை.

"எந்த பஸ்னு எங்கிட்ட சொல்லாதே. சொன்னா வேண்டாம்னுடுவேன்."

"சரிம்மா."

"செருப்பு போட்டுக்கிட்டுதானே வேலை செய்வாங்க?"

"பூட்ஸ்மா."

அம்மா வெறுங்காலைத் தரையில் தேய்த்தபடி இருந்தாள். "சொல்லாதேன்னேன், சொல்லிட்டே பாரு" என்றாள்.

வெள்ளிக்கிழமை காலை பஸ் நிறுத்தத்துக்கு மாமாவும் கூட வந்தார். கடைக்கு அதே வழிதான். பல்கலைக்கழகத்துக்குப் போகும் தடத்தில் ஓடுவது அப்பாவின் பஸ். அது வந்து நின்றது. கதவு திறந்தது. அப்பா திரும்பிப் பார்த்தார். அவள் உறையை மார்போடு பிடித்துக்கொண்டு நின்றாள். ஏறவேண்டியவர்கள் ஏறினார்கள். கதவு மூடவில்லை.

"டிரைவர், யாருக்கு வெயிட்டிங்? மாப்பிள்ளை வரணுமா?" என்று உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது.

அவள் தலையை மெதுவாக ஆட்டினாள், இல்லை என்று. அப்பா அவளை இன்னும் ஒரு மூச்சு நேரம் பார்த்தார். கதவை மூடினார். அந்த வளைவில் ஹாரன் அடிக்கத் தேவையே இல்லை. இரண்டு தடவை அடித்துவிட்டுப் போனார்.

மாமா மூக்கை உறிஞ்சினார். கூடத்துச் சுவரில் இருந்த கறுப்பு அங்கிப் படத்துக்குப் பக்கத்தில், அவளுடைய படத்துக்காக அவர் ஓர் ஆணி அடித்துவைத்திருந்தார். அது அவளுக்குத் தெரியும். "நல்ல பூட்ஸா ஒண்ணு எடுத்து வைக்கிறேன்" என்றார். "டெஸ்டர் வைக்கும்போது மட்டும் நம்ம கடைப் பேரைக் காப்பாத்த வேண்டாம். கழட்டிடு."

பயிற்சி நிலையத்தின் ஜன்னலில் இருந்த எழுத்தர் மார்க் ஷீட்டைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். "இந்த மார்க்குக்கு யுனிவர்சிட்டியே கிடைக்குமேம்மா. அசலை வாங்கிட்டா திருப்பித் தரமாட்டோம். நல்லா யோசிச்சியா?"

அவள் அவருக்குப் பின்னால் இருந்த பிளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உன்னைத்தாம்மா."

"பதினோரு வீடு பாக்கி இருக்கு சார்" என்றாள். அவருக்குப் புரியவில்லை. முத்திரை குத்தினார்.

படிப்புக்கு இரண்டு வருடம், லைசென்ஸுக்கு இன்னும் இரண்டு வருடம் ஆனது. அந்த நான்கு வருடமும், சுர்ரென்றால் செருப்பு போட்டுக்கொள்ளச் சொல்லி அம்மா படி ஏறி இறங்கி வீடு வீடாகச் சொன்னாள். பாதிப் பேர் கேட்டார்கள். இயற்பியல் புத்தகங்களைப் பராக்கு நூலகத்திலிருந்து ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து, பஸ்ஸில் வாசித்து, இறங்கவேண்டிய இடத்தைத் தவறவிட்டாள். லைசென்ஸ் எண் வந்த வாரத்தில் அவள் தன் பெட்டியோடு அந்தக் கட்டடத்தின் ஒவ்வொரு வீட்டிலும் நான்கு திருகாணிகளைக் கழற்றினாள். பதினோரு வீட்டுக்கும் பதினோரு காகிதம் எழுதி, கையெழுத்துப் போட்டு, மின்சார அலுவலகத்தில் கொடுத்து, ரசீது வாங்கினாள். இந்தத் தடவை வீட்டுக்காரர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. மூன்று வாரத்தில் பச்சைக் கம்பிகள் வந்து சேர்ந்தன. இழுத்தவர் அதே பழைய எலக்ட்ரீஷியன்தான். குழாயின் மறுமுனையில் பிடித்து வாங்கியவள் அவள்.

கடைசியாகக் கீழ்த்தளத்து மூலை வீடு. அங்கே இருந்த பெண்ணுக்கு அம்மாவின் வயதுதான் இருக்கும். தயங்கித் தயங்கி மெஷினைப் புறங்கையால் தொட்டாள். பிறகு உள்ளங்கையை வைத்தாள். அப்புறம் கன்னத்தையே வைத்துவிட்டாள். சமையலறை அலமாரியில், உப்பு டப்பாவுக்குப் பக்கத்தில் ரோஸ் நிற மாத்திரை அட்டை இருந்தது.

"ஏம்மா, அப்ப எனக்கு ஒண்ணும் இல்லையா?"

பராக்கு கடைசித் திருகாணியை முடுக்கிக்கொண்டிருந்தாள். ஜன்னல் வழியாக வந்த வெயில் பிளக்கின் மூன்றாவது துளைக்குள் போவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுச் சொன்னாள்:

"உங்களுக்கு ஒண்ணும் இல்லக்கா. செவுத்துக்குத்தான் இருந்துச்சு."